அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாடித் துடிப்பு, ஆனால் கடிகாரம் இருவரையும் வேறாகப் பார்க்கிறது. ஏன்?

சிப்புட் பையன் எழுதியது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

தீபாவளிக்குத் தங்கச்சி அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அவள் கையிலும் அதே மாடல்தான். அப்பாவுக்கு 63 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார், ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை அறுத்தார், இப்போது ஓய்வு. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. தங்கச்சிக்கு 24, கே.எல்.லில் ஆபீஸ் வேலை.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இருவருக்கும் துடிப்பு 64. ஆனால் ‘எச்.ஆர்.வி.’ என்று ஒன்று காட்டுகிறதே, அது தங்கச்சிக்கு 61, அப்பாவுக்கு 22. ராத்திரிக் கோடும் வேறு மாதிரி. அவளுக்கு விடியற்காலையில் 48 வரை இறங்குகிறது. அப்பாவுக்கு 56க்குக் கீழே போவதே இல்லை, அதுவும் இரண்டு இரண்டரை மணிக்கே அடி தொட்டுவிட்டு ஏற ஆரம்பித்துவிடுகிறது.

தங்கச்சி எதையோ படித்துவிட்டு 22 என்றால் ஆபத்து என்று ஒரே கவலை. அப்பாவோ, “துடிப்பு அங்க இங்க ஆடாம ஒரே அளவா இருந்தா நல்லதுதானே? எனக்கு ஆட்டம் கம்மி. அப்ப அவளைவிட நான்தான் கெட்டி” என்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி?

---

மில் நைட்ஷிப்ட் எழுதியது:

கடிகாரத்தைக் கழற்றித் தங்கச்சியிடமே கொடுத்துவிடுங்கள். வழக்கு தள்ளுபடி.

---

ஈப்போ மிசி எழுதியது:

தம்பி, நான் இருதய வார்டில் வேலை செய்யும் மிசி, அதாவது நர்ஸ். டாக்டர் இல்லை, இங்கே யாருக்கும் நோய் கணிக்கப் போவதும் இல்லை. ஆனால் இந்த வழக்கில் இரண்டு பேருமே தோற்கிறார்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

64 என்பது சராசரி. நிமிடத்துக்கு 64 என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே சுமார் 940 மில்லிசெகண்ட். ஆனால் நல்ல இதயத்தில் அந்த இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருக்காது. ஒன்று 900, அடுத்தது 960, அதற்கடுத்தது 990 என்று போகும். மூச்சை இழுக்கும்போது இடைவெளி சுருங்கும், விடும்போது நீளும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இலேயே இதைக் கருவி வைத்துப் பதிந்துவிட்டார். எச்.ஆர்.வி., அதாவது ‘ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி’, அளப்பது இந்த ஆட்டத்தைத்தான், மில்லிசெகண்டில். ஆட்டமே இல்லாத துடிப்புதான் எங்களுக்குப் பயம். 1987இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு நாள் முழுவதும் பதிந்ததில் ஆட்டம் 50 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல். ஆக, அப்பாவின் வாதம் நிற்காது.

தங்கச்சியின் வாதமும் நிற்காது. அதற்கு 64க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நரம்பிலிருந்து ஒரு கட்டளையும் வராமல் இதயத்தைத் தனியே விட்டால் எவ்வளவு அடிக்கும்? 1970இல் ஜோஸ், காலிசன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். வேகத்தைக் கூட்டும் நரம்பு, குறைக்கும் நரம்பு இரண்டையும் மருந்து கொடுத்துச் சற்று நேரம் அடைத்துவிட்டு எண்ணினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கணக்கு: 118.1இலிருந்து வயதை 0.57ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 24 வயதுக்கு 104 வருகிறது. 63 வயதுக்கு 82. மாற்று இதயம் பொருத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நரம்பு அறுந்துவிடுவதால் அவர்கள் சும்மா படுத்திருந்தாலும் துடிப்பு 90, 100 என்று நிற்கும், மூச்சோடு ஆடவும் ஆடாது.

அப்படியானால் மற்றவர்களுக்கு 64 எப்படி வருகிறது? வேகஸ் என்ற நரம்பு விடாமல் பிரேக் போடுகிறது. குலை ஏற்றிய இரண்டு லாரிகள் ஒரே வேகத்தில் இறக்கத்தில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இஞ்சின் பெரிது, டிரைவர் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு வருகிறார். இன்னொன்றில் இஞ்சின் பழசு, கால் லேசாகத்தான் பிரேக்கில் இருக்கிறது. ரோட்டில் நின்று பார்ப்பவருக்கு வேகம் ஒன்றுதான். தங்கச்சிக்கு 104ஐ 64க்குக் கொண்டுவர நாற்பது துடிப்பளவு பிரேக். அப்பாவுக்குப் பதினெட்டு போதும். பிரேக் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ, மூச்சுக்கு மூச்சு விட்டுப் பிடிக்க அவ்வளவு இடம் இருக்கும். அதனால்தான் அவளுக்கு 61, அவருக்கு 22. (அந்தச் சூத்திரம் கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்கு முன்னே பின்னே இருக்கும்.)

இது அப்பாவுக்கு வந்த கோளாறு இல்லை, எல்லாருக்கும் வருவது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் 10 வயது முதல் 99 வயது வரை ஆரோக்கியமான 260 பேருக்கு இருபத்து நான்கு மணி நேரமும் பதிந்தார்கள். மூச்சோடு ஆடும் வேக ஆட்டம், உங்கள் கடிகாரம் காட்டுவது பெரும்பாலும் அதுதான், ஐம்பதுகளுக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்புறம் பெரிதாக இறங்குவதில்லை. நாள் முழுவதுக்குமான மொத்த ஆட்டம் மெதுவாகத்தான் குறைகிறது. தொண்ணூறு தாண்டியவர்களுக்கும் இளவயது அளவில் அறுபது சதவீதம் மிச்சம் இருந்தது. இன்னொன்றும் அதில் சொன்னார்கள்: 65 தாண்டிய ஆரோக்கியமானவர்களுக்கே, மாரடைப்பு நோயாளிகளுக்கு அபாயம் என்று வைத்திருந்த எல்லைக்குக் கீழே எண் போகலாம். நோயாளிகளுக்கு வைத்த கோட்டை எடுத்து நல்லா இருக்கிற பெரியவர் முன்னால் போட்டால் அவர் பயந்துதான் போவார்.

---

சிப்புட் பையன் எழுதியது:

அக்கா, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “இஞ்சின் பழசுன்னு சொல்லுதா அந்தப் பிள்ளை?” என்று ஒரு நிமிஷம் முறைத்தார். ஆனால் பிரேக் விஷயம் பிடித்துவிட்டது.

---

பழைய எச்.ஏ. எழுதியது:

தோட்ட ஆஸ்பத்திரியில் எச்.ஏ.வாக (ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட்) இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சிப்புட் தாமானில் வாசம். மிசி சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்குச் சில.

எங்கள் காலத்தில் கருவி என்றால் பாக்கெட் கடிகாரமும் இரண்டு விரலும்தான். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்து ஆள்கள் வேலைக்குப் போன பிறகு, சுகமில்லை என்று நிற்பவர்கள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவசரத்தில் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அதைப் பார்த்தால் திட்டுவார். முழு நிமிடம் எண்ணச் சொல்வார். எண் தெரிந்துகொள்ள அல்ல, நடை தெரிந்துகொள்ள. அந்த நடையைத்தான் இப்போது மில்லிசெகண்டில் அளக்கிறீர்கள்.

கைக்குழந்தை என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 160 வரை சாதாரணம். பள்ளிப் பிள்ளைக்கு 70, 80, 100 என்று வரும். பெரியவர்களுக்கு 60 முதல் 100. மண்வெட்டி, அரிவாள் என்று ஆண்டுக்கணக்கில் உடம்பு உழைத்தவர்களில் சிலருக்கு 50தான் இருக்கும், அவர்கள் நன்றாகவே இருப்பார்கள். காய்ச்சல் என்றால் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறுவதற்குச் சுமார் பத்துத் துடிப்பு ஏற வேண்டும். காய்ச்சல் ஏறியும் நாடி ஏறாமல் நின்றால் டைபாய்டாக இருக்குமோ என்று ஈப்போவுக்கு அனுப்புவோம்.

மத்தியான வெயிலில் செம்பனைக் காட்டிலிருந்து வந்தவனின் நாடியைப் பிடித்தால் 110, 120 ஓடும். இதயத்தில் ஒன்றும் இருக்காது. வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் போயிருக்கும். மிச்சம் இருக்கிற ரத்தத்தைச் சுற்ற வைக்க இதயம் அடிக்கடி அடிக்கிறது. நிழலில் படுக்க வைத்து, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுத்தால் இறங்கிவிடும். இறங்காவிட்டால்தான் யோசிப்போம். இப்போது கடிகாரம் கட்டிய பிள்ளைகள் மதியம் நடந்துவிட்டு வந்து 115 என்று பயப்படுகிறார்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள் ஐயா.

---

ரெண்டு பிள்ளைக்காரி எழுதியது:

ஐயா, இதைப் பார்த்ததும் கேட்க வேண்டும் போல இருக்கிறது. என் மூத்தவனுக்கு 13 வயது. பள்ளியில் உடல் பரிசோதனை நடந்தபோது, ‘துடிப்பு சீராக இல்லை’ என்று கார்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். அவன் பந்து விளையாடுகிறான், மயக்கம் கியக்கம் எதுவும் இல்லை. எனக்குத் தூக்கமே இல்லை.

---

பழைய எச்.ஏ. எழுதியது:

அம்மா, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். இழுக்கும்போது வேகம் கூடி, விடும்போது குறைந்தால் அது மூச்சோடு ஆடும் ஆட்டம். அந்த வயதில் அது நன்றாகத் தெரியும். விரலுக்கே தெரியும், கருவி வேண்டாம். கொஞ்சம் ஓடிவிட்டு வந்து பிடித்தால் ஒழுங்காகிவிடும். மிசி சொன்ன பிரேக் நல்ல பலத்தோடு இருப்பதன் அடையாளம் அது.

இருந்தாலும் கார்டில் எழுதிவிட்டார்கள், கிளினிக்கில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. விளையாடும்போது மயக்கம், நெஞ்சு வலி, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்த வரலாறு, இதில் ஏதாவது இருந்தால் இந்த ஐந்து நிமிடம் போதாது, டாக்டரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

---

நாடிக்காரர் எழுதியது:

இதையெல்லாம் சித்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது நம் மருத்துவம். வாத நாடி அன்னம், கோழி, மயில் நடை, பித்தம் ஆமை, அட்டை நடை, கபம் தவளை, பாம்பு நடை. நாடிக்கு நடை உண்டு என்பதை வெள்ளைக்காரன் 1847இல்தான் கண்டுபிடித்தானாம்!

---

ஈப்போ மிசி எழுதியது:

நாடிக்கு நடை இருக்கிறது என்று பார்த்தது பெரிய விஷயம்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் எச்.ஆர்.வி. 22 என்பதை வாத நாடி என்றும் 61ஐக் கப நாடி என்றும் பொருத்தி யூடியூப்பில் பட்டியல் போடுகிறார்கள். அப்படிப் பொருத்த ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்.

---

நாடிக்காரர் எழுதியது:

நீங்கள் பார்த்ததில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

---

காவடி ஓட்டம் எழுதியது:

அடுத்த சண்டைக்குள் போகும் முன் நான் புகுந்துகொள்கிறேன். வயது 41, காலையில் ஓடுகிறவன். வயதானால் எச்.ஆர்.வி. குறையும், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மிசி சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. ஓட ஆரம்பித்த பிறகு என் ஓய்வுத் துடிப்பு எழுபத்தைந்திலிருந்து அறுபதுக்குக் கீழே வந்தது, எச்.ஆர்.வி. ஏறியது. வயது மட்டும் காரணம் என்றால் இது எப்படி?

ஒரு ராத்திரி பீர் குடித்தால் மறுநாள் எண் கீழே கிடக்கிறது. பதினோரு மணிக்கு நாசி கண்டார் சாப்பிட்டுப் படுத்தாலும் அதே கதை. விடியும் வரை துடிப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது. ஆக நம் கையில்தான் நிறைய இருக்கிறது.

இன்னொரு நல்ல சோதனை: பத்து மலையில் 272 படி ஏறிவிட்டு நின்று பாருங்கள். எத்தனை வரை போனது என்பது முக்கியம் இல்லை, நின்ற ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். 1999இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், டிரெட்மில் நின்ற முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களுக்கு இறப்பு விகிதம் அதிகம் என்று கண்டார்கள்.

---

ஈப்போ மிசி எழுதியது:

காவடி அண்ணே, நான் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை, ஒப்பிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உடற்பயிற்சி செய்கிற அறுபது வயதுக்காரருக்கு, செய்யாத அறுபது வயதுக்காரரைவிட ஆட்டம் அதிகம் இருக்கும். அது உண்மை. ஆனால் ஓடி ஓடி இருபது வயதுக்காரராக முடியாது. உச்சத் துடிப்பைப் பாருங்கள். 220இல் வயதைக் கழிப்பது பழைய கணக்கு. 2001இல் தனாகா குழு சொன்னது 208இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது. நாற்பது வயதில் இரண்டு கணக்கும் 180 என்றே சொல்லும். 63க்கு முதல் கணக்கு 157, இரண்டாவது 164. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இந்த உச்சம் உயர்வதில்லை. இஞ்சின் விஷயம் அது. பிரேக்கைத்தான் பழக்க முடியும்.

படி ஏறும் சோதனையில் ஒன்று: அந்த 12 என்ற எண், ஓட்டத்தை நிறுத்தியதும் மெதுவாக நடந்துகொண்டே ஆறியவர்களுக்கு எடுத்தது. படி ஏறிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தாலோ படுத்தாலோ கணக்கு மாறும். மூத்தவர்கள் தைப்பூசக் கூட்டத்தில் இதைச் சோதிக்கக் கிளம்ப வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு சேதி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் முன்னே சொன்ன 260 பேர் ஆய்வில், முப்பது வயதுக்குள் பெண்களுக்கு ஆண்களைவிட ஆட்டம் குறைவாகவும், சராசரித் துடிப்பு கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது. ஆட்டத்தில் இருந்த வித்தியாசம் ஐம்பது தாண்டினால் மறைந்துவிடுகிறது. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் ஓய்வுத் துடிப்பு சில எண் ஏறுவது வழக்கம். கர்ப்பத்தில் பத்து முதல் இருபது வரை ஏறும். கடிகாரம் ‘உங்கள் உடல் களைத்திருக்கிறது’ என்று சொன்னால் தேதியைப் பாருங்கள், களைப்பாகவே இருக்க வேண்டும் என்று இல்லை.

---

மில் நைட்ஷிப்ட் எழுதியது:

சரி, தமாஷ் போதும், எனக்கும் ஒரு கேள்வி. செம்பனை ஆலையில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை. பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் ராத்திரி தூங்குகிற அளவுக்குத் துடிப்பு இறங்குவதில்லை. இருட்டு அறைதான், ஏர்கானும் உண்டு. ஏன்?

---

ஈப்போ மிசி எழுதியது:

ஏனென்றால் துடிப்பு ராத்திரியில் இறங்குவது தூக்கத்தால் மட்டும் இல்லை. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து நேரம் சரி பண்ணிக்கொள்ளும். ஆய்வுக்காக ஆள்களை மங்கலான வெளிச்சத்தில் படுக்க வைத்து, தூங்கவே விடாமல், சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகப் பிரித்துக் கொடுத்து ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து பார்த்தார்கள். அப்போதும் துடிப்பு ராத்திரியில் இறங்கிப் பகலில் ஏறியது. சாதாரண நாளில் இதன் மேல் தூக்கமும் படுத்திருப்பதும் சேர்கிறது. படுத்திருந்து எழுந்து நின்றாலே பத்துப் பதினைந்து ஏறுமே. மூன்றும் ஒன்றாகக் கூடும்போதுதான் நல்ல பள்ளம் விழும். நீங்கள் பகலில் தூங்கும்போது இரண்டு சேர்கிறது, மூன்றாவது எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

பிறந்த குழந்தைக்கு இந்த இரவு பகல் வித்தியாசம் சரியாக இருக்காது, முதல் சில மாதங்களில் மெல்ல மெல்ல வரும். வாலிபத்தில் ஆழமாக இருக்கும். வயதாக ஆகப் பள்ளம் மேடாகி, நேரமும் முன்னால் நகரும். தம்பியின் அப்பாவுக்கு இரண்டரை மணிக்கே ஏற ஆரம்பிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பால்மரக் காலத்துப் பழக்கமும் இருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகும் எத்தனை மணிக்கு எழுகிறார்?

---

சிப்புட் பையன் எழுதியது:

நான்கரை. யாரும் எழுப்ப வேண்டாம். கோப்பி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். எட்டரைக்கெல்லாம் படுத்தும் விடுவார்.

---

பழைய எச்.ஏ. எழுதியது:

பால்மரம் வெட்டியவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு மர நிரைக்குப் போக வேண்டும். முப்பது வருஷம் அப்படி எழுந்த உடம்பு பென்ஷனுக்காக மாறிக்கொள்ளாது.

காலை நேரம் பற்றி ஒரு சொல். எழுந்த பிறகு உடம்பில் வேகம் கூட்டும் சுரப்புகள் ஏறும், அழுத்தம் ஏறும், துடிப்பு ஏறும். 1985இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் மாரடைப்பு ராத்திரியைவிடக் காலை நேரத்தில் அதிகம், ஒன்பது மணியை ஒட்டி உச்சம் என்று கண்டார்கள். ஆரோக்கியமானவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், படுக்கையிலிருந்து எழுந்ததும் பசியாறாமல், மாத்திரை போடாமல் புல்வெட்டி எடுத்துக்கொண்டு வாசலில் இறங்குவதை நான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

---

ரெண்டு பிள்ளைக்காரி எழுதியது:

ஐயா, மூச்சு விடச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே இழுக்கும்போது வேகம், விடும்போது மெது. ஈசிஜியும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இப்போது தம்பியும் அண்ணனும் மாறி மாறிக் கை பிடித்துக்கொண்டு டாக்டர் விளையாட்டு.

என் அம்மாவுக்கு இனிப்புநீர் பல வருஷமாக இருக்கிறது. அவருக்கும் இப்படிப் பார்க்கலாமா?

---

ஈப்போ மிசி எழுதியது:

பார்க்கலாம் அக்கா, அது உண்மையிலேயே மருத்துவமனையில் செய்கிற சோதனைதான், ஈசிஜி வைத்துச் செய்வோம். ஐந்து வினாடி இழுத்து ஐந்து வினாடி விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இழுக்கும்போது வரும் உச்சத் துடிப்புக்கும் விடும்போது வரும் குறைந்த துடிப்புக்கும் வித்தியாசம் 15 இருந்தால் நல்லது, 10 அல்லது அதற்குக் கீழே என்றால் நரம்பு பாதித்திருக்கலாம். வயதானவர்களுக்கு இயல்பாகவே குறையும், அதையும் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார். இனிப்புநீர் கால் நரம்பை மட்டும் இல்லை, இந்த வேகஸ் நரம்பையும் அரிக்கும். எரிச்சலோ மரத்துப் போவதோ இல்லாமலே ஆட்டம் குறைய ஆரம்பித்துவிடும். நம் நாட்டில் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர், அதிலும் இந்தியர்களிடையேதான் அதிகம். அடுத்த அப்பாயின்மென்டில் கேளுங்கள்.

---

காவடி ஓட்டம் எழுதியது:

இன்னொரு குழப்பம். என் நண்பர் ஆப்பிள் வாட்ச், நான் கார்மின். அவர் எண் எப்போதும் என்னைவிட அதிகம். அவர் ஓடுவதே இல்லை.

---

ஈப்போ மிசி எழுதியது:

ஆப்பிள் காட்டுவது எஸ்.டி.என்.என்., அதாவது இடைவெளிகளின் மொத்த ஆட்டம். கார்மின் ராத்திரி முழுவதும் எடுத்துக் காட்டுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி., அதாவது ஓர் இடைவெளிக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம். கணக்கு வேறு, அளக்கிற நேரமும் வேறு. ஒரே ஆளின் இரண்டு கையில் இரண்டையும் கட்டினால்கூட எண் ஒத்துப்போகாது. 1996இல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து அளவுமுறைகளை வகுத்தபோதே, ஐந்து நிமிடப் பதிவையும் இருபத்து நான்கு மணி நேரப் பதிவையும் ஒப்பிடக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். நண்பரோடு பந்தயம் என்றால் ஓடியே முடித்துக்கொள்ளுங்கள்.

---

சிப்புட் பையன் எழுதியது:

எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி! இந்த வாரம் அப்பாவின் எச்.ஆர்.வி. கிடுகிடுவென்று ஏறிவிட்டது. 22இல் கிடந்தது, நேற்று ராத்திரி 84. தங்கச்சியைத் தாண்டிவிட்டார். போனில் கூப்பிட்டு அவளிடம் சொல்லி ஒரே சிரிப்பு. பச்சை நிறத்தில் ‘சிறப்பு’ என்று வேறு போட்டிருக்கிறது. காவடி அண்ணன் சொன்ன மாதிரி தினமும் நடக்க ஆரம்பித்தார், அதன் பலன்தானே?

---

ஈப்போ மிசி எழுதியது:

தம்பி, அவசரப்படாதீர்கள். சில நாள் நடையில் 22 எண்பத்து நான்கு ஆகாது. அவர் சாதாரணமாக இருக்கிறாரா? மூச்சு வாங்குதல், தலை சுற்றல், நெஞ்சில் படபடப்பு?

கடிகாரத்துக்கு ஆட்டம் மட்டும்தான் தெரியும், எதனால் ஆடுகிறது என்று தெரியாது. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து அடுத்தது தாமதித்தால் அதையும் ஆட்டம் என்று கூட்டிக்கொள்ளும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒன்று உண்டு, மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும். அதில் இடைவெளி தாறுமாறாக இருக்கும், எண் பிரமாதமாகத் தெரியும். அது வயதோடு அதிகமாவது, பக்கவாதத்துக்கு வழி வைக்கக்கூடியது. முதியவர்களுக்கு எண் கூடினால் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

---

பழைய எச்.ஏ. எழுதியது:

தம்பி, நாளைக்கு வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே அப்பாவின் கையைப் பிடியுங்கள். முழு நிமிடம். மூச்சோடு ஏறி இறங்குகிறதா, அல்லது நன்றாகப் போய்க்கொண்டிருந்து நடுவில் ஒன்று விட்டுப்போகிறதா, அல்லது எந்தக் கணக்கிலும் சேராமல் அடிக்கிறதா? நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் இதைப் படிக்க வேண்டாம், எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள்.

---

சிப்புட் பையன் எழுதியது:

வலி, மூச்சு வாங்கல் எதுவும் இல்லை. “என்னடா எல்லாரும் கையைப் பிடிக்கிறீங்க” என்கிறார். எண்ணிப் பார்த்தேன் ஐயா. ஐந்தாறு நன்றாகப் போகிறது, அப்புறம் ஒன்று காணாமல் போகிறது, அடுத்தது பலமாக அடிக்கிறது. மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன்.

---

சிப்புட் பையன் எழுதியது:

போய் வந்தோம். ஈசிஜி எடுத்தார்கள். ஃபிப்ரிலேஷன் இல்லை. மேலறையிலிருந்து கூடுதல் துடிப்பு நடு நடுவே வருகிறதாம், எக்டோபிக் என்று எழுதியிருக்கிறது. அந்த வயதில் பலருக்கும் இருக்கும், அடிக்கடி வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்து உப்புச் சத்து, தைராய்டு பார்க்கிறார்கள். நான்கரைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று அப்பா குடிக்கிற கோப்பி டாக்டருக்குப் பிடிக்கவில்லை. ஹோல்டர் என்ற துடிப்புப் பதிவுக் கருவிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், இருபத்து நான்கு மணி நேரம் கட்டியிருக்க வேண்டுமாம்.

அப்பாவுக்கு 84 போய்விட்டதில்தான் வருத்தம்.

---

ஈப்போ மிசி எழுதியது:

நல்லது தம்பி. ஹோல்டர் கட்டுகிற அன்று வழக்கம்போல இருக்கச் சொல்லுங்கள். நான்கரைக்கு எழுவது, நடப்பது, மதியத் தூக்கம், எல்லாம். சிலர் மிஷினுக்குப் பயந்து நாள் முழுக்கக் கட்டிலிலேயே படுத்துவிடுவார்கள், அப்புறம் எதைப் பார்ப்பது? ஒரு சின்ன நோட்டில் எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், நடந்த நேரம், படபடவென்று வந்தால் அந்த நேரம், இவற்றைக் குறித்து வைக்க வேண்டும். அவருக்கு எழுத அலுப்பாக இருந்தால் நீங்கள் எழுதுங்கள். நார்மன் ஹோல்டர் 1940களில் முதலில் செய்த கருவியை முதுகில் மூட்டை போலச் சுமக்க வேண்டும், 38 கிலோ எடை. இப்போது சட்டைப் பைக்குள் அடங்கிவிடும், அவருக்குக் கட்டியிருப்பதே மறந்துபோகும்.

---

பழைய எச்.ஏ. எழுதியது:

எங்களிடம் பதிவுக் கருவி எதுவும் இருந்ததில்லை. இப்போது இதெல்லாம் கிடைக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். நெஞ்சில் முடி அதிகம் என்றால் கருவியின் கம்பி அட்டை ஒட்டும் இடத்தில் மழித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய்க் கோபித்துக்கொள்வார்.

---

மில் நைட்ஷிப்ட் எழுதியது:

எங்கள் சூப்பர்வைசர் போன மாதம் கட்டினார். டி-ஷர்ட் வேண்டாம், முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டுப் போகச் சொல்லுங்கள். கட்டிய பிறகு கழற்றும் வரை குளிக்க முடியாது, அதனால் போவதற்கு முன் நன்றாகக் குளித்துவிட வேண்டும். பவுடர், எண்ணெய் எதுவும் நெஞ்சில் பூசக் கூடாது, அட்டை ஒட்டாது. காலைப் பனியில் மரம் வெட்டியவர் ஆயிற்றே, தைலம் தேய்க்காமல் படுப்பாரா என்றுதான் யோசனை.